ஒரு நொத்தாரிசின் வாழ்க்கையும் அவர் பெட்டகத்தில் கிடந்த உறுதிகளும்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் ஒரு கிராமத்தின் சனசமூக நிலையம் மலர் ஒன்று வெளியிட முடிவு செய்தது. ஊர்ப் பெரியவர்கள் பகுதிக்கு அவர்கள் குறித்துவைத்த முதற் பெயர் ஒரு நொத்தாரிசுடையது (காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதி அத்தாட்சிப்படுத்தும் அதிகாரம் பெற்றவர்). 1880களில் பிறந்தவர். 1910களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தப் பகுதியில் உறுதி எழுதியவர். கிராமச் சங்கத்தில் (ஊர் அளவிலான உள்ளூராட்சிச் சபை) முதலில் உறுப்பினராகவும் பிறகு தலைவராகவும் இருந்தவர். அவருடைய வாழ்க்கையைப் பத்துப் பக்கத்துக்குள் எழுதித் தரும்படி எங்களிடம் கேட்டார்கள்.

நாங்கள் மூவர்: ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், காணிப் பதிவகத்தில் நீண்ட காலம் எழுதுவினைஞராக இருந்த ஒருவர், ஊர் வரலாற்றுக் கட்டுரைகள் எழுதிவரும் நான். பத்துப் பக்கம் என்பதால் சின்ன வேலை என்று எல்லோரும் நினைத்தார்கள். அது வேறு திசையில் போனது. மலரில் வந்த கட்டுரையைவிட, அதை எழுதும்போது எடுக்க வேண்டியிருந்த முடிவுகள் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியதால் இதைப் பதிவு செய்கிறோம். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் அதே ஒழுங்கைகளில் வாழ்கிறார்கள். ஆகவே ஊர், ஆட்களின் பெயர், உறுதி இலக்கம் எதுவும் இங்கே இல்லை. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டிருக்கிறோம்.

அந்தக் காலத்து நொத்தாரிசு

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியை விற்பதானாலும் ஈடு வைப்பதானாலும் நன்கொடை கொடுப்பதானாலும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதி ஒப்பமிட வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது. மரணசாதனத்துக்கும் (உயிலுக்கும்) நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் தொழில் நடத்தும் முறையை விரிவாக வகுத்தது. எந்தப் பகுதிக்குள், எந்த மொழியில் உறுதி எழுதலாம் என்பது வரை அவருடைய அதிகாரப் பத்திரத்திலேயே குறிப்பிட்டிருக்கும்.

ஒவ்வோர் உறுதிக்கும் மூன்று பிரதி உண்டு. ஒன்று உரியவர் கைக்குப் போகும். ஒன்றை நொத்தாரிசு தன்னிடமே வரிசை இலக்கப்படி கட்டிவைப்பார். மற்றொன்று அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளருக்குப் போய்ச் சேர வேண்டும். நொத்தாரிசு இறந்துவிட்டால் அவரிடமிருந்த கட்டுகளும் பதிவாளரிடம்தான் போக வேண்டும். இந்தக் கடைசி விதி பின்னால் எங்களுக்கு முக்கியமாகிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழிலுக்கு இன்னொரு கனமும் இருந்தது. ஒல்லாந்தர் 1707இல் எழுதுவித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையும், அதன் சில பகுதிகளை மாற்றிய 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் சேர்ந்து, ஒரு பெண்ணுக்குச் சீதனமாக வந்தது எது, முதுசம் (பரம்பரையாக வந்தது) எது, தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பின் சம்பாதித்தது) எது என்று பிரித்தே காணியைப் பார்க்கச் சொல்கின்றன. கலியாணம் பேசும்போதே நொத்தாரிசு வீட்டுக்கு வருவார். சாகக் கிடக்கும்போதும் வருவார். இடையில் கடன்பட்டால் அவர் வீட்டுக்கு நாங்கள் போவோம். ஊரில் எந்தக் குடும்பத்துக்கு எத்தனை பரப்பு, அதில் எத்தனை ஈட்டில் இருக்கிறது, எந்தத் தகப்பன் எந்த மகளுக்கு எவ்வளவு எழுதினான் என்பதெல்லாம் ஒரே ஆளுக்குத் தெரியும். அந்த ஆள் தேர்தலிலும் நிற்கிறார் என்றால் அவருடைய அரசியலை மேடைப் பேச்சில் தேடுவதைவிட அவர் எழுதிய உறுதிகளில் தேடுவதுதான் சரி என்று எங்கள் எழுதுவினைஞர் முதல் நாளே சொன்னார்.

குடும்பம் சொன்னவை

குடும்பத்தில் மூன்று கதைகள் உறுதியாக நின்றன. 1931இல் அரசாங்க சபைக்கு (அந்நாளைய நாட்டுச் சட்டசபை) தெரிவானார் என்பது ஒன்று. ஏழைகளிடம் எழுத்துக்கூலி வாங்கவில்லை என்பது அடுத்தது. ஊரின் பெரிய ஒழுங்கையையும் பொதுக் கிணற்றையும் தன் சொந்தக் காணியில் கொடுத்தார் என்பது மூன்றாவது.

முதலாவதைச் சரிபார்க்க நீண்ட நேரம் தேவைப்படவில்லை. டொனமூர் அரசியலமைப்பின் கீழ், 21 வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமையோடு 1931இல் முதல் தேர்தல் நடந்தது. அந்தச் சீர்திருத்தம் முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்பைக் கோரியது. அந்த மே மாதம் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை அந்த நான்கு ஆசனங்களும் வெறுமையாகவே கிடந்தன. ஆக, 1931இல் எங்கள் பகுதியிலிருந்து எவரும் போயிருக்க முடியாது; பின்னர் போனவர்களின் பட்டியலிலும் அவர் இல்லை.

இதை அவருடைய மூத்த பேர்த்தியிடம் சொல்லப் போனோம். எண்பது வயது தாண்டியவர். கோபிக்கவில்லை. "அப்பு சபைக்குப் போறவர் எண்டு அம்மா சொல்லுறவ. எந்தச் சபை எண்டு நாங்கள் ஆர் கேட்டது தம்பி?" என்றார். கிராமச் சங்கத்துக்குப் போனவர் என்பது இரண்டு தலைமுறையில் அரசாங்க சபைக்குப் போனவர் என்று ஆகியிருக்கிறது. பொய் சொன்னவர் என்று எவரையும் குறிப்பிட முடியாது.

1931இல் அவர் என்ன நிலைப்பாடு எடுத்தார் என்பது எங்களுக்கு ஆவலாக இருந்தது. பகிஷ்கரிப்பை ஆதரித்ததாக ஒரு பேரன் சொன்னார். வீட்டில் கிடைத்த ஒரே அச்சுத் துண்டு 1934 இடைத்தேர்தல் கூட்டத்துக்கானது. அழைப்பவர்கள் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது. அதற்கு மேல் எதையும் எழுதவில்லை.

பெட்டகம்

பேர்த்தியின் பேச்சில்தான் பெட்டகம் வெளிவந்தது. நொத்தாரிசின் கடைசி மகள் குடாநாட்டின் இன்னொரு பகுதியான வடமராட்சியில் கலியாணம் முடித்தவர். தகப்பன் இறந்தபின் அவருடைய சாமான்கள் சில அங்கே போயிருக்கின்றன. அதனால்தான் அவை தப்பின. ஊரில் இருந்த வீடு 1990க்குப் பிறகு ஆட்கள் போக முடியாத பகுதிக்குள் அகப்பட்டு, திரும்பக் கிடைத்தபோது அத்திவாரம் மட்டும் மிச்சம்.

பெட்டகத்துக்குள் மூக்குக்கண்ணாடி ஒன்று, பித்தளை முத்திரை ஒன்று, எழுத்துக்கூலி குறித்த சின்னக் கொப்பி ஒன்று, நூலால் தைத்த உறுதிக் கட்டுகள் பல. இரண்டு கட்டுகளைக் கறையான் ஓரமாக அரித்திருந்தது. மற்றவை வாசிக்கக்கூடிய நிலையில் இருந்தன. பதிவாளரிடம் போயிருக்க வேண்டியவை. ஏன் போகவில்லை என்று அறிய வழியில்லை. அவர் 1940களில் இறந்தபோது வீட்டில் ஆண்பிள்ளைகள் இருவரும் மலாயாவில் இருந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே ரொறன்ரோவில் இருக்கும் நொத்தாரிசின் பூட்டப்பிள்ளை (கொள்ளுப்பேரன்) ஒருவர் சொல்லி, வீட்டுப் பிள்ளைகள் சில பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். எழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காகப் போட்டவை. ஒன்றைத் திறந்து வாசித்த எழுதுவினைஞர் முகம் மாறிவிட்டது. அது ஒரு மரணசாதனம். ஒரு மகனுக்கு எதுவும் இல்லை என்று காரணத்தோடு எழுதியிருந்தது. அந்த மகனின் பேரன் எங்கள் மூவருக்கும் தெரிந்தவர்.

உறுதிகளில் கண்டவை

உறுதியை வாசிப்பது ஒரு பழக்கம். முதலில் எழுதிக் கொடுப்பவர், பெறுபவர். பிறகு காணியின் பெயர். கலட்டி, புலம், வளவு என்று முடிகிற பெயர்கள். பிறகு பரப்பும் குழியும். (பதினாறு பரப்பு ஏறத்தாழ ஒரு ஏக்கர்.) பிறகு நான்கு எல்லை: கிழக்கு இன்னாருடைய ஆதனம், வடக்கு ஒழுங்கை என்று. அதன்பின் அதிலுள்ள வீடு, பனை, கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, வழிவாய்க்கால் பாத்தியதை. கடைசியில் நொத்தாரிசின் அத்தாட்சி.

பலர் எல்லையோடு நிறுத்திவிடுவார்கள். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவருக்கு அத்தாட்சிதான் புதையல். சட்டம் கேட்பதால் நொத்தாரிசு அதில் சிலவற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: எந்த இடத்தில் வைத்து ஒப்பமிடப்பட்டது, எழுதிக் கொடுப்பவரைத் தனக்குத் தெரியுமா அல்லது சாட்சிகளுக்குத் தெரியுமா, வாசித்து விளங்கப்படுத்தப்பட்டதா, பணம் தன் முன்னிலையில் கைமாறியதா, எந்த வரியில் எந்தச் சொல் வெட்டப்பட்டது. இந்தச் சில வரிகளை ஆண்டு வரிசையில் படித்துக்கொண்டு போனபோது அந்த மனிதர் நடமாடத் தொடங்கினார். முதல் சில ஆண்டுகளில் பெரும்பாலும் தன் வீட்டிலேயே எழுதுகிறார். பிறகு ஊர் முழுக்கப் போகிறார். ஓர் உறுதி ஒரு தாயின் வீட்டில், அவர் எழுந்திருக்க முடியாத நிலையில் எழுதப்பட்டிருக்கிறது. கைநாட்டுக்குப் பக்கத்தில் மை இழுபட்டிருக்கிறது. 1920களில் மலாயாப் பணம் வரத் தொடங்குவது அப்படியே தெரிகிறது. கோலாலம்பூரிலும் தைப்பிங்கிலும் இருக்கும் மகன்மாருக்காக, அற்றோர்ணித் தத்துவம் (அவர்கள் சார்பில் ஒப்பமிடும் அதிகாரம்) பெற்ற தகப்பன்மார் காணி வாங்குகிறார்கள். 1930களில் புகையிலை விலை விழுந்தபோது ஈடும் ஒற்றியும் பெருகுகின்றன.

ஒழுங்கைக் கதையும் இங்கே தெளிவானது. கிராமச் சங்கத்துக்காக எழுதப்பட்ட நன்கொடை உறுதி ஒன்று இருக்கிறது. ஒழுங்கைக்கு நிலம் கொடுத்தவர்கள் நால்வர். அதில் நொத்தாரிசின் பங்கும் உண்டு, ஆனால் நால்வரில் சிறியது அது. பொதுக் கிணறு இருக்கும் துண்டைக் கொடுத்தவர் ஒரு கைம்பெண். கைநாட்டு வைத்திருக்கிறார். அவருக்கு வேறு காணி அதிகம் இருந்ததாக உறுதிகளில் தெரியவில்லை. ஊரில் எவருக்கும் அந்தப் பெண்ணின் பெயர் நினைவில் இல்லை. கிணறு நொத்தாரிசின் பெயரால்தான் அறியப்படுகிறது. எங்களைப் பொறுத்தவரை இந்த முழு வேலையிலும் கிடைத்த பெரிய கண்டுபிடிப்பு இதுதான்.

எழுத்துக்கூலிக் கொப்பி இரண்டாவது கதையைப் பெரும்பாலும் உண்மையாக்கியது. பல பெயர்களுக்கு எதிரே தொகைக்குப் பதிலாக "பிறகு" என்று எழுதியிருக்கிறார். பிறகு வாங்கியிருந்தால் கோடு போட்டு வெட்டியிருக்கிறார். வெட்டாமல் விட்டவை நிறைய. "அப்பு கை நீட்டிக் காசு வாங்கினவர் இல்லை" என்று பேர்த்தி சொன்னதில் வெறும் பெருமை மட்டும் இல்லை.

ஆனால் அந்தக் கொப்பியை உறுதிக் கட்டுகளோடு சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

ஒற்றி உறுதிகள்

ஒற்றி வைத்தால் கடன் கொடுத்தவர் காணியைத் தன் கையில் எடுத்து விளைவை அனுபவிப்பார். அதுவே வட்டி. முதலைக் கொடுத்தால் காணி திரும்பும். தோட்டக் காணியை ஒற்றி வைத்தவனுக்கு அதிலிருந்து வருமானம் இல்லை. முதலை வேறெங்காவது தேட வேண்டும். புகையிலை விலை விழுந்த ஆண்டுகளில் அது முடியாத காரியம்.

1930களின் கட்டுகளில் ஒரே ஒழுங்கில் பல உறுதிகள் வருகின்றன. முதலில் ஒற்றி. சில ஆண்டுகளில் அதே காணிக்கு அறுதி உறுதி (முழு விற்பனைப் பத்திரம்), விலை ஒற்றிப் பணத்தைவிடச் சிறிது கூட. பெறுபவர் பல தடவை ஒரே ஆள்: நொத்தாரிசின் மைத்துனர். சாட்சிகள் பெரும்பாலும் அதே இருவர். அந்த இருவரும் பின்னர் கிராமச் சங்கத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். கூலி "பிறகு" என்று குறிக்கப்பட்ட பெயர்கள் சிலவும் இந்தக் காணிகளை இழந்தவர்களுடையவை.

பத்திர முறையில் பிழை எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது, பணம் முன்னிலையில் கொடுக்கப்பட்டது, மனைவியின் காணி என்றால் கணவனின் சம்மதம் எழுத்தில் இருக்கிறது. நாங்கள் ஆலோசனை கேட்ட சட்டத்தரணியும் இவ்வளவு காலத்துக்குப் பிறகு எவருக்கும் உரிமைக் கேள்வி எழாது என்றுதான் சொன்னார். ஆனாலும் ஊரில் யாருக்கு எப்போது பணம் தேவை என்று முதலில் அறிந்தவர் அவர். அந்த அறிவு அவர் வீட்டுக்குள் காணியாகவும், கிராமச் சங்கத்தில் ஆதரவாகவும் மாறியிருக்கிறது. கூலி வாங்காமல் விட்டதும் அந்தக் கணக்கில் சேரும். இரக்கமும் இருந்தது, கடமைப்பட்டவர்களை வைத்திருக்கும் வழியும் அதுவாகவே இருந்தது. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை எழுதினால் இரண்டு பக்கத்துக்கும் அநியாயம் என்பது எங்கள் தீர்ப்பு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலாவது முடிவு படமெடுப்பதை நிறுத்துவது. குழுவில் போட்டவற்றை அழிக்கும்படி கேட்டோம். உறுதிக் கட்டு நொத்தாரிசின் சொத்து அல்ல. மற்றவர்களின் கடன், கலியாணம், குடும்பப் பகை எல்லாம் அதில் இருக்கிறது. சில எல்லைகளில் ஆட்களைச் சாதிப் பெயரோடு குறித்திருப்பதும் உண்டு. அவற்றைப் படமாக உலவவிட எங்களுக்கும் குடும்பத்துக்கும் உரிமை இல்லை என்று விளக்கினோம். பெரும்பாலானோர் உடனே அழித்தார்கள். ரொறன்ரோப் பூட்டப்பிள்ளை, "எங்கட பூட்டன்ர எழுத்தைப் பாக்க எங்களுக்கு உரிமை இல்லையோ?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எழுத்துக்கூலிக் கொப்பியும் முத்திரையும் கடிதங்களும் குடும்பத்துக்குரியவை, உறுதிகள் அப்படி அல்ல என்று பிரித்துச் சொன்னபின் ஓரளவு ஏற்றுக்கொண்டார்.

இரண்டாவது, கட்டுகளைப் பதிவாளரிடம் கையளிப்பது. இதில் எழுதுவினைஞர் விட்டுக்கொடுக்கவே இல்லை. வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்தவர்களில் பலர் உறுதிகளை எடுக்காமலே ஓடியவர்கள். காணிகள் படிப்படியாக விடுபட்டபோது எல்லை எது, யாருடைய பங்கு எது என்று காட்டப் பத்திரம் தேடி அலைந்தார்கள். எந்தப் பதிவகத்திலும் எல்லா ஆண்டுகளின் பிரதியும் நல்ல நிலையில் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அப்படியான ஒரு குடும்பத்துக்கு இந்தப் பெட்டகத்தில் கிடப்பதுதான் மிஞ்சியிருக்கும் ஒரே பிரதியாக இருக்கலாம்.

கையளிக்கும் முறையும் முக்கியம். சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி, முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம் உரிய பாதுகாப்பிலிருந்து வந்ததாக இருந்தால் அதன் ஒப்பத்தையும் எழுத்தையும் நீதிமன்றம் உண்மையென்று கொள்ளலாம். நாங்கள் வீட்டுக்கு வீடு காவித் திரிந்தால் அந்தப் பாதுகாப்பு எங்கே இருந்தது என்ற கேள்வி வரும். ஆகவே கட்டுகளைப் பெட்டகம் இருந்த வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு கட்டிலும் முதல் இலக்கம், கடைசி இலக்கம், விடுபட்ட இலக்கங்கள், கறையான் அரித்த தாள்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் குடும்பத்தினரும் கிராம அலுவலரும் ஒப்பமிட்டார்கள். எங்களுக்கென்று வைத்துக்கொண்டது இலக்கம், திகதி, உறுதியின் வகை மட்டும் உள்ள குறிப்பு.

மூன்றாவது முடிவுதான் கடினமானது: ஒற்றி விவகாரத்தை மலரில் எழுதுவதா? சனசமூக நிலையத்தில் ஒரு பகுதியினர், பெரியவரைக் கௌரவிக்கும் மலரில் இது எதற்கு என்றார்கள். ஆசிரியர், எழுதாவிட்டால் தன் பெயரைக் கட்டுரையில் போட வேண்டாம் என்றார். எழுதுவது என்று தீர்மானித்தோம், சில கட்டுப்பாடுகளோடு. காணியை இழந்தவர் எவரின் பெயரும் காணிப் பெயரும் வராது. மைத்துனர் உறவினர் என்று மட்டுமே குறிக்கப்படுவார். புகையிலை விலை விழுந்ததும் ஒற்றியின் நடைமுறையும் முதலில் சொல்லப்படும். அவை இல்லாமல் வாசித்தால் ஒரு தனி மனிதரின் கெட்ட குணம் போலத் தோன்றும். அச்சுக்குப் போகுமுன் நொத்தாரிசின் குடும்பமும், எங்களுக்குத் தெரிந்த அளவில் காணி இழந்த குடும்பங்களும் அந்தப் பக்கத்தைப் பார்க்கும்.

காணி இழந்த குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த பெண், பாடசாலை ஆசிரியை, வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். "நீங்கள் எழுதினது சரி ஐயா. எங்கட பூட்டியின்ர பேரை மட்டும் எங்கையும் போட்டிடாதேங்கோ. அவ அந்த ஒழுங்கையால போறதையே விட்டவ எண்டு அம்மம்மா சொல்லுவா." அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

பின்னர் நடந்தவை

பேர்த்திக்குக் கட்டுரையை வாசித்துக் காட்டினோம். ஒற்றிப் பகுதியை இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், தன் பேத்தியார் (நொத்தாரிசின் மனைவி) ஒரு தடவை தன் நகையை அடைவு வைத்து ஒரு குடும்பத்தின் ஒற்றியை மீட்டுக் கொடுத்தவர், கணவருக்கும் தமையனுக்கும் அது பிடிக்கவில்லை, அதையும் எழுத வேண்டும் என்றார். கட்டுகளைத் தேடினோம். அந்தக் காலப்பகுதியில் ஒற்றி மீட்பு ஒன்று இருக்கிறது. பணத்தைக் கொடுத்தவர் காணிக்காரர் என்றுதான் அத்தாட்சி சொல்கிறது. அவருக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று உறுதி சொல்லாது. குடும்ப நினைவு என்று தெளிவாகக் குறித்து அந்தச் செய்தியைச் சேர்த்தோம்.

ரொறன்ரோப் பூட்டப்பிள்ளை தான் எழுதித் தந்த முன்னுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அச்சுச் செலவில் அவர் பொறுப்பேற்ற பங்கை நிலையம் வேறு வழியில் தேட வேண்டியதாயிற்று. மலர் சில மாதம் பிந்தியது. வெளிவந்தபின் ஊரில் சண்டை வரும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வயதானவர்கள் சிலர் இதெல்லாம் தெரிந்த கதைதானே என்றார்கள்.

கட்டுகளைப் பதிவகம் ஏற்றுக்கொள்ள நாள் எடுத்தது. இவ்வளவு காலம் கழித்து ஒரு குடும்பம் கொண்டுவந்து கொடுப்பது அங்கே வழமையான காரியம் அல்ல. எங்கள் பட்டியல் கையில் இருந்ததால் சரிபார்ப்பது இலகுவாக இருந்தது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். கையளித்த செய்தி மெல்லப் பரவியது. இடம்பெயர்ந்து போன ஒரு குடும்பம் தங்கள் பூட்டியின் சீதன உறுதி இந்த நொத்தாரிசு எழுதியது என்று மட்டும் அறிந்திருந்தது. இலக்கம் தெரியாது, கலியாணம் நடந்த ஆண்டு தெரியும். எங்கள் குறிப்பில் அந்த ஆண்டின் சீதன உறுதிகள் எவையென்று பார்த்து, பதிவகத்தில் விண்ணப்பித்து, உறுதிப்படுத்திய பிரதியைப் பெற்றார்கள். எல்லை, பரப்பு, கிணற்றுப் பங்கு எல்லாம் அதில் இருந்தது. காணி வழக்கு முடியவில்லை. ஆனால் உரிமைச் சங்கிலியில் அறுந்திருந்த கண்ணி கிடைத்துவிட்டது. அந்தக் குடும்பத்தின் சட்டத்தரணி 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை சிறப்பு ஏற்பாடுகள் சட்டத்தையும் காட்டி வாதாடுகிறார். (ஆட்சியுரிமை என்பது ஒருவர் பிறர் காணியை நீண்ட காலம் தடையின்றி வைத்திருந்ததைக் காட்டி உரிமை கோருவது.) போர்க் காலத்தில் ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் தம் காணி உரிமையைக் காத்து வழக்காட முடியாமல் போனவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் சாரம்.

கிணறு கொடுத்த கைம்பெண்ணுக்குப் பிள்ளைகள் இல்லை. சகோதரியின் வழியில் சந்ததி இருக்கிறது. அவர்கள் சம்மதத்தோடு அவர் பெயரை மலரில் போட்டோம். கிணற்றுக் கட்டில் பெயர்ப் பலகை வைக்க வேண்டும் என்று நிலையத்தின் இளைஞர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் வைக்கவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இதுபோன்ற வேலையைத் தொடங்குகிறவர்கள் குடும்பத்தை முதன்முதலாகச் சந்திக்கும்போதே வீட்டில் உறுதிக் கட்டு இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். இருந்தால் வாழ்க்கை வரலாற்றைத் தள்ளிவைத்து, கட்டுகளுக்கு என்ன செய்வது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால், கட்டுரையில் என்ன வரும் என்ற பயத்தில் குடும்பம் கட்டுகளையும் மூடிவிடக்கூடும். இந்தத் தடவை மூத்த பேர்த்தியின் நிதானத்தால் அது நடக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று எண்ணிக்கொண்டு போகக் கூடாது.

நிதி கொடுப்பவரும் குடும்பத்தவரும் ஒருவராக இருந்தால் எதை எழுதலாம், யார் பார்க்கலாம், யார் தடுக்கலாம் என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பூட்டப்பிள்ளையோடு வந்த மனக்கசப்பைப் பெரும்பாலும் அது குறைத்திருக்கும்.

குறிப்பு எடுக்கும்போது உறுதி வகையோடு அது எழுதப்பட்ட இடத்தையும் சேர்க்க வேண்டும் என்று எழுதுவினைஞர் சொல்கிறார். சீதன உறுதி தேடி வந்த குடும்பத்துக்கு ஆண்டு தெரிந்திருந்ததால் வேலை முடிந்தது. பலருக்கு ஆண்டும் தெரியாது. எந்த வீட்டில் வைத்து எழுதினார்கள் என்பது மட்டும் பாட்டி வாய்வழியாக வந்திருக்கும்.

1920களின் நடுப்பகுதிக்குரிய கட்டுகள் பெட்டகத்தில் இல்லை. மகன்மாரில் ஒருவருடைய வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று பேர்த்தி நினைக்கிறார். அந்த வீட்டுக்காரரோடு பேசத் தொடங்கியிருக்கிறோம்.